பேர் எழுதாத சீட்டுக்குப் பெட்டி சொல்லும் பதில்

கேள்வி: "சார், குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்திருக்கிறேன். பிள்ளைகள் பேர் எழுதாமல் கேள்வி எழுதிப் போட, நூலகம் வேடிக்கையாகப் பதில் எழுதித் தொங்கவிடுவது என்று ஒரு யோசனை. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் நடக்கிறதாம். எங்கள் பிரின்சிபால் 'லைப்ரரி என்ன நகைச்சுவை மன்றமா' என்று கேட்கிறார். செய்யலாமா? எப்படிப் பதில் எழுதுவது? யாராவது ஏடாகூடமாக எழுதிப் போட்டால் என்ன செய்வது?"

தாராளமாகச் செய்யுங்கள் டீச்சர். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வேலையைக் கூட்டுகிற காரியம். பார்க்க விளையாட்டாகத் தெரியும். ஆனால் நாலு வரி வேடிக்கைப் பதிலுக்கு ஒரு பீரியட் முழுக்க ரெஃபரன்ஸ் ரேக்கில் நிற்க வேண்டி வரும். சிரிப்பு மட்டும் இருந்து தகவல் இல்லாத பதில் இரண்டாம் வாரமே சலித்துவிடும். தகவல் மட்டும் இருந்தால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள், நோட்டீஸ் போர்டில் தொங்கும் சுற்றறிக்கைகளை யார் படிக்கிறார்கள்?

நீங்கள் சொல்லும் வெளிநாட்டுக் கல்லூரி அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியாக இருக்கும். அங்கே ஓ'நீல் நூலகத்தில் 'பதில் சுவர்' உண்டு. மாணவர்கள் சின்னச் சீட்டில் கேள்வி எழுதி ஒட்டுவார்கள். நூலகர் என்று யாரும் முன்னால் வருவதில்லை, சுவரே பேசுவதுபோல் பதில் வரும். காதல், பரீட்சை, சாப்பாடு என்று எதைக் கேட்டாலும் சுவர் தன்னைக் கேலி செய்துகொண்டு பதில் சொல்லும், பல பதில்களின் கடைசியில் படிக்க ஒரு புத்தகமும் சொல்லும். அதைவிடப் பழைய கதை நியூயார்க் பொது நூலகத்துடையது. 1940களிலிருந்து 1980கள் வரை வாசகர்கள் கேட்ட விநோதமான கேள்விகளை அங்கிருந்த நூலகர்கள் அட்டைகளில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த அட்டைப் பெட்டி பிற்பாடு கிடைத்தது. யானை துரத்துவதுபோல் கனவு கண்டால் என்ன அர்த்தம் என்று ஒரு கேள்வி அதில் உண்டு.

நம் ஊரில் அதே கேள்வி வந்தால் என்ன எழுதுவோம்? நான் இப்படி எழுதுவேன்:

"ஆண்டாள் கனவுல ஆயிரம் யானை வந்துச்சு, அது கல்யாண ஊர்வலம். உன்னை ஒத்தை யானை துரத்துதுன்னா அது அனேகமா அரியர். கனவுக்கு மனசு என்ன காரணம் சொல்லுதுன்னு பாக்க 154.63-க்குப் போ. பலன் மட்டும் போதும்னா 135.3. ரெண்டும் வேற வேற ரேக்குல இருக்கு, அது ஏன்னு யோசிச்சிட்டே நட."

இவை டியூயி எண்கள், புத்தகங்களைப் பொருள்வாரியாக ரேக்கில் அடுக்க நூலகம் போடுவது. பிள்ளைகளுக்கு அவை வெறும் லேபிள். கனவு உளவியலில் ஒரு இடத்திலும் ஜோசியத்துப் பக்கத்தில் இன்னொரு இடத்திலும் இருக்கிறது என்று இப்படிச் சொன்னால் எண்ணுக்கு உயிர் வந்துவிடும். முதலாண்டு ஓரியன்டேஷனில் பவர்பாயின்ட் போட்டு வகைப்பாடு சொல்லிக்கொடுப்பதைவிட இது நன்றாகவே வேலை செய்யும்.

யார் பேரில் பதில் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். குமுதத்தில் 'அரசு பதில்கள்' வந்தது உங்கள் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். அரசு என்று ஒரு ஆள் கிடையாது. அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் என்று ஆசிரியர் குழுவில் இருந்தவர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் அது. ஆள் மாறினாலும் குரல் மாறாது. கல்லூரியில் இது ரொம்ப முக்கியம். "நூலகர் இப்படி எழுதியிருக்கிறார்" என்று எச்.ஓ.டி. யாராவது முகம் சுளித்தால் அங்கேயே முடிந்தது. "பெட்டி இப்படி எழுதியிருக்கிறது" என்றால் அவரும் சிரித்துவிட்டுப் போவார்.

பெட்டி என்று நான் சொல்வது கார்டு கேட்டலாக் பெட்டியை, நூலகத்துப் புத்தகங்களின் விவரக் கார்டுகளை அடுக்கி வைத்திருந்த பெட்டி. கோஹா என்கிற நூலக சாஃப்ட்வேர் வந்த பிறகு எல்லாக் கல்லூரியிலும் அது ஏதோ ஒரு மூலையில் தூசி பிடித்துக் கிடக்கிறது, மேலே ஃபிளெக்ஸ் பேனரைச் சுருட்டி வைத்திருப்பார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான் கிடந்தது. நல்ல மரப்பெட்டி, பித்தளைக் கைப்பிடி, அதில் லேபிள் செருகும் சின்னச் சட்டம். அதைத் துடைத்து வாசலுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு டிராயரைக் காலி செய்து 'கேள்வி' என்று லேபிள் செருகினோம். பதில்களை எழுதப் பழைய கேட்டலாக் கார்டுகளின் பின்பக்கம். கார்டு 12.5 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. உயரம், அதற்கு மேல் வளவளவென்று எழுத இடமே கிடையாது. அடியில் கம்பி கோக்க ஓட்டை ஏற்கெனவே இருக்கும், அதில் நூல் கோத்துத் தொங்கவிட்டால் ஆயிற்று. கார்டு தலைகீழாகத் தொங்கும் என்பதால் பின்பக்கத்தையும் தலைகீழாகத் திருப்பி எழுத வேண்டும், அட்டெண்டருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

இதில் எதிர்பாராமல் ஒன்று நடந்தது. கார்டின் முன்பக்கம் ஏதோ ஒரு பழைய புத்தகத்தின் பேரும் ஆசிரியரும் எண்ணும் டைப் அடித்திருக்கும். சில பிள்ளைகள் பதிலைப் படித்துவிட்டுக் கார்டைத் திருப்பி, அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறதா என்று தேடிப் போனார்கள். வருஷக்கணக்காக யாரும் கை வைக்காத புத்தகங்கள் அப்படி வெளியே வந்தன. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்று எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் தன் ஐந்து விதிகளில் மூன்றாவதாக எழுதி வைத்தார். பெட்டியை வைக்கும்போது அந்த விதி எங்கள் யார் நினைப்பிலும் இல்லை.

இனி பேர் எழுதாமல் கேட்பதன் அவசியம். உங்கள் பிரின்சிபாலுக்கு இதைத்தான் விளக்க வேண்டும். கவுண்டரில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். "சார், இந்த புக் இருக்கா?", "ஃபைன் எவ்வளவு?", "நோ டியூஸ்ல சைன் போடணும்." அவ்வளவுதான். பேச்சிப்பாறை, கடையாலுமூடு, தூத்தூர், குளச்சல் என்று எங்கிருந்தெல்லாமோ இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைகள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள். கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. பெட்டியிடம் கேட்க அந்தப் பயம் வேண்டாம்.

எங்கள் பெட்டியில் விழுந்த சீட்டு ஒன்று: "மாசாமாசம் அந்த நாளுல ஏன் இவ்ளோ வலி? எல்லாருக்கும் இப்படியா, எனக்கு மட்டுமா?" நரைத்த மீசையோடு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் இதை நேரில் எந்தப் பிள்ளை கேட்கும்? நர்ஸாக இருக்கிற என் அண்ணன் மகளிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு எழுதினேன்: "உனக்கு மட்டும் இல்லை மக்களே. கர்ப்பப்பையோட உள்தோல் கழியும்போது புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரக்கும். அது தசையை இறுக்கும், அதான் வலி. வெந்நீர் ஒத்தடம் கேக்கும். காலேஜுக்கே வர முடியாத அளவுக்கு வலிச்சா அதைப் பொறுத்துக்கிடணும்னு அவசியம் இல்லை, டாக்டரைப் பாரு. 612.662, 618.172. அந்த ரேக் ஜன்னல் ஓரம் இருக்கு, யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க." இதில் வேடிக்கை கிடையாது. வேடிக்கைக் கார்டுகளுக்கு நடுவில் அது சாதாரணமாகத் தொங்கியதுதான் விசேஷம். தனி போர்டில் 'மகளிர் நலம்' என்று போட்டிருந்தால் ஒரு பிள்ளையும் பக்கத்தில் போயிருக்காது.

வேடிக்கையான கேள்விகளுக்குப் போவோம். பெட்டிக்கு வரும் சீட்டில் பெரும்பங்கு காதல், உறக்கம், சாப்பாடு, மார்க்கு. காதல் கேள்விக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். அதுதான் கூட்டத்தைச் சேர்க்கும். இதோ ஒன்று.

"ஒரு பிள்ளையைப் பிடிச்சிருக்கு. அதுக்கு என்னைப் பிடிக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"மக்கா, எனக்குக் கண்ணு கிடையாது, டிராயர்தான் உண்டு. ஆனா கண்ணைப் பத்தி விவரமா எழுதின ஆளு நம்ம கடலுக்குள்ள 133 அடி உசரத்துல நிக்காரு. அவரு 'குறிப்பறிதல்'னு ஒரே பேருல ரெண்டு அதிகாரம் வச்சிருக்காரு. 71-வது, மேலிடத்துல இருக்கவங்க மூஞ்சியைப் பாத்து மனசை அறியதுக்கு. 110-வது, நீ கேட்ட விசயத்துக்கு. 110-ஐப் படி. இன்டர்னல் மார்க் போடுற சமயத்துல 71-ஐப் படி. மாத்திப் படிச்சிராதே. 894.811, தமிழ் ரேக். பி.கு: பிடிக்கலேன்னு குறிப்பு வந்தா அதுவும் குறிப்புதான். பின்னாலேயே நடக்கப்படாது."

இதை எழுதின மறுநாள் திருக்குறள் உரை அத்தனையும் இஷ்யூ ஆகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. ஆனால் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இரண்டு குறிப்பறிதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பேசினார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். சிலைக்குப் பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம், மேலே 95 அடி பொருளும் இன்பமும், ஆகவே இரண்டு குறிப்பறிதலும் பீடத்துக்கு மேலேதான் என்று அடுத்த வாரம் ஒரு சீட்டு வந்து விழுந்தது. பெட்டியையே மடக்கப் பார்த்த ஆள். அந்தச் சீட்டுக்கு "நீ எப்போ லைப்ரரியன் ஆகப்போற?" என்று மட்டும் பதில் எழுதினேன்.

உறக்கத்தைப் பற்றி:

"லைப்ரரிக்கு வந்தா மட்டும் எப்படி இப்படி உறக்கம் வருது?"

"புஸ்தகத்து மேல பழி போடாதே. மத்தியானம் ஒரு மணிக்கு மேல மூணு மணி வரைக்கும் உடம்புக்குள்ள ஓடுற கடிகாரமே கொஞ்சம் தாழும். தின்னாலும் வரும், தின்னாட்டியும் வரும். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தின்னுட்டு வந்தா கூடுதலா வரும். இருபது நிமிசம் கண்ணசந்தா நல்லது. அதுக்கு மேல போனா எழும்பும்போ எந்த ஊருல இருக்கோம்னு தெரியாது. குறட்டை விட்டா பக்கத்து பெஞ்சுக்காரன் எனக்குச் சீட்டு எழுதுவான், அதையும் இங்கதான் தொங்கவிடுவேன். 612.821."

இதில் எனக்கு நேரம் பிடித்தது சிரிப்புக்கு இல்லை. சாப்பிட்டதால்தான் உறக்கம் என்று நானும் நினைத்திருந்தேன். உடலியல் புத்தகத்தில் பார்த்தால் சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்தில் அசதி வரும், அது உடம்பின் நாள்சுழற்சி என்று இருந்தது. தெரிந்ததுதானே என்று நினைக்கிற விசயத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பேர் தெரியாத யாரோ ஒருத்தர் பெட்டியை நம்பிக் கேட்டிருக்கிறார், அடுத்த நாள் வகுப்பில் அதைச் சொல்லவும் போகிறார்.

ஊர்க் கேள்விகள் நிறைய வரும். அவற்றை விட்டுவிடாதீர்கள், நூலகத்துக்கே உரிய வேலை அங்கேதான் இருக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் மட்டும்தான் சூரியன் மறையும்போதே நிலா உதிக்குமா என்று வருஷா வருஷம் ஒரு சீட்டு உறுதி. பௌர்ணமி என்றாலே நிலா சூரியனுக்கு நேர் எதிரில் நிற்கிற நாள், ஆகையால் எந்தப் பௌர்ணமியிலும் எந்த ஊரிலும் சூரியன் சாயும் நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும்பும். முனையில் நின்றால் கிழக்கும் மேற்கும் மறைப்பில்லாமல் ஒரே இடத்திலிருந்து தெரியும், அதுதான் நம் ஊர்ப் பெருமை. இதைப் பெட்டி, "அதிசயம் நிலாவுல இல்ல மக்கா, நீ நிக்க இடத்துல இருக்கு. 523.3" என்று முடித்தது.

முப்பந்தல் காற்றாடி பற்றியும் கேட்பார்கள்: "காத்து அடிக்கும்போதே சிலது சும்மா நிக்குதே, கரண்ட் பில் கட்டலியா?" கேள்வியே வேடிக்கை என்பதால் பதிலில் வேடிக்கை வேண்டியதில்லை. வினாடிக்கு மூன்று நான்கு மீட்டர் வேகமாவது இருந்தால்தான் அது மின்சாரம் எடுக்க ஆரம்பிக்கும். சுமார் 25 மீட்டருக்கு மேல் போனால் இறக்கை கெட்டுவிடும் என்று தானே நின்றுவிடும். பழுது பார்க்கவும் நிறுத்துவார்கள், லைன் தாங்காது என்றாலும் நிறுத்துவார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதால்தான் அத்தனை காற்றாடியும் அங்கே நிற்கின்றன. 621.45.

இன்னொன்று கொஞ்சம் சூடான கேள்வி. "பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்துல கிடக்கு. டிக்கெட் காசு கேரளாவுக்குப் போவுது. இது என்ன நியாயம்?" மலையாளம் பேசுகிற பிள்ளைகளும் படிக்கிற கல்லூரியில் இதை எப்படி எழுதுவது? பெட்டி பக்கம் சேரக்கூடாது. "பாகம் பிரிச்ச வீட்டுல பெரிய கட்டில் யாருக்குன்னு ஒரு பேச்சு எப்பவும் இருக்கும். 1795 வரை திருவிதாங்கூருக்கு இதுதான் தலைநகரம். 1956 நவம்பர் 1-ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சேர்ந்து நம்ம மாவட்டம் ஆச்சு. அரண்மனை கேரளத் தொல்லியல் துறை கையிலேயே இருந்துபோச்சு. நியாயம் எதுன்னு சொல்ல நான் வெறும் பெட்டி. ரெண்டு பக்கத்து வரலாறும் 954.82, 954.83-ல பக்கத்து பக்கத்துல இருக்கு." தீர்ப்பு சொல்லாமல் வரலாற்றை மட்டும் சொன்னதற்கு இரண்டு தரப்பும் கோபப்பட்டன என்றால் பதில் சரியாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேலி யார் மேல் விழலாம் என்பதில்தான் புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுவார்கள். பெட்டி தன்னைக் கேலி செய்யலாம். கேண்டீன் வடையை, மின்விசிறிச் சத்தத்தை, பஸ் கூட்டத்தை, நூலகத்தின் ஃபைனைக் கேலி செய்யலாம். கேட்ட ஆளைத் தொடக்கூடாது. "பி.ஏ. தமிழ் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று ஒருவர் எழுதினால், உடனே ஒரு ஜோக் தோன்றும். தோன்றட்டும், எழுத வேண்டாம். அந்தச் சீட்டை எழுதினவர் வீட்டில் அதே ஜோக்கைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பார். டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு எவ்வளவு இடம், பி.எட்., மொழிபெயர்ப்பு, பதிப்பகம், வானொலி என்று என்னென்ன வழி, எந்த ரேக்கில் எந்தக் கையேடு என்று ஒழுங்காக எழுதுங்கள். கடைசியில், "வேலை கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. கோஹா வந்ததும் எனக்கு இருந்த வேலையே போச்சு, இப்போ உன்னோட பேசிட்டு இருக்கேன்" என்று பெட்டி தன்மேல் போட்டுக்கொள்ளட்டும்.

பேர் இல்லாததில் ஒரு சிக்கலும் உண்டு. சிரிப்பான கேள்வியா, வலிக்கிற கேள்வியா என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. "ஒக்கின்னு பேரு வச்சது யாரு?" என்று ஒரு சீட்டு. உள்நாட்டுப் பிள்ளை எழுதியிருந்தால் பொது அறிவுக் கேள்வி. தூத்தூரிலிருந்தோ நீரோடியிலிருந்தோ வருகிற பிள்ளை எழுதியிருந்தால்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் சிக்கின வள்ளங்களில் அதன் அப்பாவோ சொந்தக்காரரோ இருந்திருக்கலாம். கூட வேலை செய்த ஒருவர், "புயலுக்குப் பேரு வைக்கிற சடங்குக்கு யார் தாய்மாமன்" என்று தொடங்கி ஒரு பதில் எழுதிக்கொண்டு வந்தார். நன்றாகவே இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் எழுதினது: "வங்கக்கடல், அரபிக்கடல் கரையில இருக்கிற நாடுகள் முன்கூட்டியே கொடுத்த பட்டியல்லேர்ந்து டெல்லி வானிலை மையம் வரிசைப்படி எடுக்கும். இந்தப் பேரு வங்கதேசம் கொடுத்தது. புயல் எப்படி உருவாகுதுன்னு 551.552-ல இருக்கு. அந்த நாள்களோட செய்தித்தாள் பைண்ட் பண்ணி உள் அறையில வச்சிருக்கோம். பாக்கணும்னா கேளு, தனியா இருந்து பாக்கலாம்." கடல், மீன், புயல், குடி, அப்பா, ஃபீஸ் என்கிற சொற்கள் இருந்தால் வேடிக்கையை ஓரமாக வைத்துவிடுங்கள். குமரி மாவட்டத்தில் இந்த ஒரு வழக்கமாவது வேண்டும்.

ஏடாகூடமான சீட்டு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கெட்ட வார்த்தை எழுதிப் போட்டால் அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. கிழித்துப் போடுங்கள், இல்லை ரொம்பத் தோன்றினால் "இந்தச் சொல்லுக்கு மூலம் தேடி அகராதி பார்த்தேன், எழுத்துப்பிழையோட எழுதியிருக்க" என்று ஒரு கார்டு தொங்கவிடுங்கள். பேர் குறிப்பிட்டு யாரையாவது பற்றி எழுதினால், ஆசிரியரோ மாணவரோ, அதைத் தொங்கவிடவே கூடாது. ஆனால் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள், வம்பா புகாரா என்று. ராகிங் என்றால் 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் பேர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி கல்லூரியில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். பெட்டி இதற்கெல்லாம் விசாரணைக் கமிஷன் கிடையாது, எங்கே போக வேண்டும் என்று மட்டும் பேர் இல்லாமல் ஒரு கார்டில் சொல்லலாம்.

அதைவிடப் பெரிய விசயம், "எல்லாம் போதும்னு இருக்கு" என்கிற மாதிரிச் சீட்டு. வரும். பெட்டி வைத்தால் கட்டாயம் வரும், அதற்குத் தயாராகாமல் பெட்டியை வைக்காதீர்கள். பதில் தொங்கவிடுவது வாரத்துக்கு இரண்டு நாளாக இருக்கட்டும், ஆனால் டிராயரைத் தினமும் சாயங்காலம் நூலகம் பூட்டுமுன் திறந்து பார்த்தே ஆக வேண்டும். இப்படிப்பட்ட சீட்டு இருந்தால் மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் கார்டு தொங்க வேண்டும், முன்வரிசையில், கண்ணுக்கு நேராக. கையெழுத்தை வைத்து ஆளைத் தேடும் வேலை மட்டும் வேண்டாம். ஒரு தடவை அப்படிச் செய்தது தெரிந்தால் அதோடு பெட்டியில் ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள். கல்லூரி கவுன்சிலரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாங்கள் வைத்திருந்த வாசகம் இது:

"இந்தக் கார்டுல விளையாட்டு இல்லை. நீ எழுதினதை முழுக்கப் படிச்சேன். 14416-க்குக் கூப்பிடு. காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். நேருல ஆளு வேணும்னா கவுண்டருல வந்து 'பழைய கார்டு ரெண்டு வேணும்'னு சொல்லு. வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உள் அறையில இருக்கலாம், கூட ஒரு ஆளு இருக்கும்."

புத்தகத்தில் அடையாளம் வைக்கப் பழைய கார்டு கேட்டுப் பலரும் வருவார்கள், ஆனால் எல்லோரும் ஒன்றுதான் கேட்பார்கள். அதனால் 'ரெண்டு' என்று வைத்தோம். கவுண்டரில் உட்காரும் அத்தனை பேருக்கும், அட்டெண்டருக்கும்கூட, இதை முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

மற்றவை சில்லறைச் சங்கதிகள். சீட்டை அப்படியே ஒட்டாதீர்கள், கேள்வியைக் கார்டில் உங்கள் கையால் எழுதிவிட்டுச் சீட்டை அழித்துவிடுங்கள், வகுப்புத் தோழர்களுக்குக் கையெழுத்து தெரியும். கேள்வி எந்தப் பேச்சில் வருகிறதோ அந்தப் பேச்சிலேயே பதில். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதிப் போட்டாலும் திருத்தவோ கேலி செய்யவோ வேண்டாம். ஊர்ப்பேச்சில் எழுதலாமா என்று தமிழ்த்துறையில் யாராவது கேட்டால், கவிமணியும் கலைவாணரும் பிறந்த மண்ணில் இதற்குமா அனுமதி என்று சொல்லிப் பாருங்கள். நாஞ்சில் நாட்டுப் பேச்சும் விளவங்கோட்டுப் பேச்சும் ஒன்றில்லை என்பதால் பெட்டி ஒரு நாள் அதில் பேசட்டும், ஒரு நாள் இதில் பேசட்டும். குலசேகரத்தில் உங்களுக்கு ரப்பர் தோட்டத்துப் பேச்சும் கிடைக்கும்.

தெரியாத கேள்விக்கு "தெரியலை, வியாழக்கிழமை வா" என்று கார்டு தொங்கவிடலாம். வியாழக்கிழமை பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆய்விதழ்களையும் மின்நூல்களையும் இணையத்தில் படிக்கத் தரும் என்-லிஸ்ட் சந்தா உங்கள் கல்லூரியில் இருந்து, அதில் தேடி எடுத்தால் அந்தக் கட்டுரை எப்படிக் கிடைத்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, பாஸ்வேர்ட் வாங்கக் கவுண்டருக்கு வருவார்கள்.

பிரின்சிபாலிடம் 'வேடிக்கை' என்ற சொல்லை எடுக்காதீர்கள். 'பெயர் குறிப்பிடாத ரெஃபரன்ஸ் சேவை' என்று கடிதம் கொடுங்கள். கேள்விகளைத் தேதி வாரியாக ஒரு ரிஜிஸ்டரில் எழுதி வைத்தால் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கு அறிக்கை தயாரிக்கும்போது, அந்த வேலையைப் பார்க்கும் ஐ.க்யூ.ஏ.சி. கோ-ஆர்டினேட்டரே ஓடி வந்து கேட்பார். அடுத்த வருஷம் என்ன புத்தகம் வாங்கலாம் என்பதற்கும் அந்த ரிஜிஸ்டர் உதவும். துறைகளிலிருந்து வரும் பட்டியலில் உறக்கம், மாதவிடாய், கடன், வேலைத் தேர்வு பற்றிய புத்தகங்கள் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பிறந்தநாளாகக் கொண்டாடும் நூலகர் தினம். அன்றைக்கு ஆரம்பித்தால் காரணம் கேட்க ஆள் இருக்காது, முதலாண்டுப் பிள்ளைகளும் அதற்குள் பஸ் நேரம் பிடிபட்டு நூலகத்தில் உட்கார ஆரம்பித்திருப்பார்கள். முதல் வாரம் டிராயர் காலியாகத்தான் இருக்கும். அதனால் நாலைந்து கேள்விகளை நீங்களே எழுதிப் பதிலும் போட்டுத் தொங்கவிடுங்கள். ஒன்று கேண்டீனைப் பற்றி இருக்கட்டும். நம் ஊர் மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை வைத்து இன்னொன்று எழுதலாம், 634.772. மூன்றாவது, இந்தப் பெட்டி யார் என்ற கேள்வி. அதற்கு மட்டும் பதில் போடாமல் கேள்வியைத் தனியாகத் தொங்கவிடுங்கள்.

என்னிடம் காலிக் கார்டு கட்டு ஒன்று மிச்சம் இருக்கிறது. மார்த்தாண்டம் வரும்போது சொன்னால் கொடுத்துவிடுகிறேன்.